கொழம்பின் பெயர்கள்: பழையசீவரக் குறிப்புகள்

"என்னா கொழம்பு?"

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழையசீவரத்தில் காலை பத்து மணிக்கு மேல் பெண்கள் தெருவில் கேட்டுக்கொள்வது இதைத்தான். சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அப்புறம்.

பதிலாகக் காயின் பெயர் வரும். முருங்கக்கா. கத்திரிக்கா போட்டுக் கருவாடு. சில நாள், "ஒண்ணும் இல்லக்கா, தக்காளிதான்."

மீன்காரர் வரவில்லை, காயும் வாங்கவில்லை என்று அர்த்தம். தக்காளியை யாரும் காயில் சேர்ப்பதில்லை.

அந்த ஒண்ணுமில்லாத குழம்பை எழுதிக்கொண்டேன். புளி கொஞ்சம். சின்ன வெங்காயம், பூண்டு தட்டாமல் முழுசாக. தக்காளி கையால் பிசைந்தது. வீட்டில் அரைத்த குழம்புத் தூள். எல்லாவற்றையும் பச்சையாக ஒரே சட்டியில் கரைத்து அடுப்பில் ஏற்றுகிறார்கள். இதற்குக் "கூட்டி வெக்கிறது" என்று பேர். தாளிப்பு கடைசியில். கடுகு அல்ல, வடகம். தேங்காய் கிடையாது.

வதக்கிச் செய்யும் வீடுகளும் உண்டு. கூட்டி வைக்கும் வீட்டார் அதை மதிப்பதில்லை. வதக்கும் வீட்டார் இதை மதிப்பதில்லை.

ஒரே சிவப்பு. ஒரு வீட்டில் காரக்கொழம்பு. அடுத்த வீட்டில் புளிக்கொழம்பு. அதற்கடுத்த வீட்டில் கொழம்பு, அவ்வளவுதான், அடைமொழியே இல்லை.

இந்தப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் புலுசு.

வைணவ வீடுகளில் சமையலே தளிகை. ரசம் சாத்தமுது. பொரியல் கறியமுது, வேகமாகச் சொன்னால் கறமது. பாயசம் திருக்கண்ணமுது.

பக்கத்துத் தெருவில் கறி என்றால் ஆட்டிறைச்சி. வேறு எதுவும் இல்லை.

சோழர் கல்வெட்டுகளில் கோயில் படையல் பட்டியல்கள் வரும். கறியமுது, பொரிக்கறியமுது, புளிங்கறியமுது, நெய்யமுது, தயிரமுது, மிளகமுது, அடைக்காயமுது. தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருடம். கறியமுது இன்னும் வீட்டில் பேசுகிற சொல்.

அந்தப் பட்டியலில் மிளகு இருக்கிறது. மிளகாய் இல்லை. தக்காளி இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கொலம்பஸ் 1492ல் கப்பல் ஏறும் வரை ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ யாரும் பார்த்ததில்லை.

இத்தாலிக்காரர்களும் பார்த்ததில்லை.

தக்காளி பற்றி இத்தாலியில் முதலில் எழுதியவர் மத்தியோலி என்ற வைத்தியர், 1544ல். சமையல் குறிப்பாக அது அச்சேறியது நேப்பிள்ஸ் நகரில், 1690களில், அந்தோனியோ லத்தீனி என்பவரின் புத்தகத்தில். நூற்றைம்பது வருட இடைவெளி. தோட்டத்தில் இருந்தது, அழகுக்கு வளர்த்தார்கள், சாப்பிடத் தயங்கினார்கள். லத்தீனி அந்தச் சாற்றுக்கு வைத்த பேர் ஸ்பானிய முறைத் தக்காளி சாஸ். நூடுல்ஸ் மாதிரியான பாஸ்தாவோடு அதைச் சேர்க்க இன்னொரு நூறு வருடம் ஆயிற்று.

இன்றைக்கு இத்தாலி என்றாலே தக்காளி.

பழையசீவரத்திலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். பெரும்பாலான மாதங்களில் மூன்று மணல்கள்.

அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டு. வேதம் படிக்கும் மாணவர்களுக்கு விடுதி. வீரசோழன் என்ற பேரில் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, 15 படுக்கைகள். வைத்தியருக்கு, அறுவைசிகிச்சை செய்பவருக்கு, மருந்து கொண்டு வருபவருக்கு, பணிப்பெண்களுக்கு எவ்வளவு நெல் என்று தனித்தனியாக அளவு. மருந்துகளின் பெயர்கள் வரிசையாக. அதில் ஒன்று பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம்.

வடகம் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சித்திரை வெயிலில் போடுவது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள். இடித்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை. பகலில் காய வைத்து, சாயங்காலம் மறுபடி உடைத்து, பிசைந்து, உருட்டி மூடி வைக்கிறார்கள். மறுநாள் மறுபடி வெயில். கறுத்து வரும் வரை.

வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, புதுச்சேரி. இந்த வட்டத்துக்கு வெளியே இதன் மணம் தெரியாதவர்கள் நிறைய. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இங்கே வாழ வந்த புதிதில் வடகம் தாளிக்கும்போது வாசலுக்குப் போய் நின்றுகொள்வாளாம். இப்போது அவள்தான் தெருவில் நன்றாக உருட்டுகிறாள்.

புதுச்சேரியிலிருந்து வடகம் பிரான்சுக்குப் போயிருக்கிறது. வடுவான் என்று உச்சரிக்கிறார்கள். பெரிய உணவகங்களில் மீனுக்கும் வெண்ணெய் சாஸுக்கும் தூவுகிறார்கள். சிறு பொட்டலம், நல்ல விலை.

அந்த மதுரைப் பெண் இன்னும் ஒரு சொல்லை விடவில்லை. குழம்பு, தொட்டுக்கொள்வது எல்லாவற்றுக்கும் சேர்த்து "வெஞ்சனம்" என்பாள். இரவில் கணவரிடம், "வெஞ்சனம் தீந்துருச்சு, தயிர் ஊத்தவா?" அவர் தலையாட்டுவார். குழந்தைகள் இரண்டு சொல்லும் பேசுகின்றன. ஆயாவிடம் கொழம்பு, அம்மாவிடம் வெஞ்சனம்.

கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம் வீடுகளில் ஆணம். புளியாணம், மீனாணம்.

திருநெல்வேலியில் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேங்காய்ப்பாலில். யாழ்ப்பாணத்திலும் சொதி. அது வேறு, நீர்க்க இருக்கும், இடியாப்பத்துக்கு.

நாகர்கோவிலில் தீயல். தேங்காயைக் கறுக்க வறுப்பது.

செட்டிநாட்டில் மண்டி. அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து.

எழுதிக்கொண்டே போகலாம். எல்லாமே சோற்றில் ஊற்றிப் பிசைவதற்கு.

வெயில் காலம் மில்லுக்கும் காலம். மொட்டை மாடியில் மிளகாய், மல்லி, விரலி மஞ்சள், துவரம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் காய்ந்து, தூக்கில் ஏறி, வாலாஜாபாத் மில்லுக்குப் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி என்பார்கள் சிலர், சமம் என்பார்கள் சிலர். தாளில் எழுதிய வீடு எதையும் நான் பார்க்கவில்லை.

மில்லில் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் இருப்பவரிடம் கேட்பது: "நீங்க என்னா அரைக்கிறீங்க?" எந்திரத்தின் வாயில் கட்டிய துணிக்குழாயில் முந்தியவரின் தூள் கொஞ்சம் தங்கும். சிகப்பரிசி மாவுக்குப் பிறகு மிளகாய்த் தூள் அரைக்க யாரும் விரும்புவதில்லை. குழம்புத் தூளுக்குப் பிறகு குழம்புத் தூள் என்றால் பரவாயில்லை.

அப்படியென்றால் எல்லா வீட்டுக் குழம்பிலும் யாரோ ஒருவர் வீட்டுத் தூள் ஒரு சிட்டிகை இருக்கிறது.

தென் இத்தாலியிலும் இப்படி ஒரு வெயில் கால வேலை உண்டு. ஆகஸ்ட் கடைசியில் தக்காளி நாள். பாட்டி, மாமன், பேரன் எல்லோரும் வாசலில். தக்காளியை வேகவைத்து, அரைத்து, தோலும் விதையும் நீக்கி, புட்டியில் அடைத்து, பெரிய பீப்பாயில் புட்டிகளை அடுக்கி, விறகு வைத்துக் கொதிக்க விடுகிறார்கள். வருடத்துக்கு ஆகும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன இத்தாலியர்கள் அங்கே கோடை வரும் ஜனவரி, பிப்ரவரியில் இதைச் செய்கிறார்கள். மாதம் மாறியது. பீப்பாய் மாறவில்லை.

1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது லட்சம் இத்தாலியர் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலும் தெற்கத்தி ஏழைகள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கும் தக்காளிச் சாற்றின் பேர் என்ன? சாஸ் என்கின்றன சில வீடுகள். கிரேவி என்கின்றன சில வீடுகள். பிலடெல்பியா, நியூஜெர்சி, பாஸ்டன் பக்கம் கிரேவி அதிகம். ஒரே நகரத்தில், ஒரே தெருவில், எதிரெதிர் வீடுகளில் இரண்டும் உண்டு. இன்னொரு பேர் சொல்பவரை ஊர் தெரியாதவர் என்பார்கள்.

தாய் வீட்டில் என்ன சொன்னார்களோ அதுதான் பேர். வேறு காரணம் யாரும் சொல்வதில்லை.

நேப்பிள்ஸில் அதற்கு ரகூ என்று பேர். போலோன்யாவிலும் ரகூ. இரண்டும் ஒன்றல்ல. நேப்பிள்ஸில் இறைச்சி துண்டு துண்டாக, தக்காளி நிறைய. போலோன்யாவில் கொத்திய இறைச்சி, பாலும் ஒயினும், தக்காளி கொஞ்சம்.

போலோன்யாக்காரர்கள் தங்கள் ரகூவின் செய்முறையை 1982 அக்டோபர் 17 அன்று அந்த நகரத்து வணிக சபையில் பத்திரமாகப் பதிவு செய்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1972ல், அதோடு சாப்பிடும் தட்டை நூடுல்ஸுக்கு அளவு வைத்தார்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம். தங்கத்தில் ஒன்று செய்து அதே சபையில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே அதே 1982ல்தான் கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி வந்தது. கரிசல் சொற்கள்.

தொண்டை மண்டலத்துக்கு அப்படி ஒரு கி.ரா. அமையவில்லை. இது எனக்கு நிஜமான வருத்தம்.

பதிவு பெற்றவை நம்மிடமும் உண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு, மணப்பாறை முறுக்குக்கு இருக்கிறது. பொட்டலம் கட்டி விற்க முடிகிறவை. குழம்பைக் கட்ட முடியாது.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதர் பழையசீவரத்துக்கு வருகிறார். பார்வேட்டை. மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோயில். அங்கே இருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல். சுற்று ஊர்ப் பெருமாள்களும் வந்து சேர்வார்கள். கூட்டம் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கும். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சை. இப்போது தக்காளிச் சோறும்.

பெருமாளுக்குப் போகும் படையலில் தக்காளி இல்லை.

காஞ்சிபுரம் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மணிக்கணக்கில் ஆவியில். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். காரத்துக்கு மிளகு. காய்ந்த மிளகாய் கிடையாது. கோயிலில் வெறுமனே தருவார்கள். வெளியே கடையில் அதே இட்லிக்குச் சாம்பார், தக்காளிச் சட்னி.

பிராமண வீட்டுத் திவசத்திலும் தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் கூடாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் இதே விலக்கு.

ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நிறைய வீடுகளில் திவசத்துக்குச் சேர்க்கிறார்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

இங்கே பொங்கல் குழம்புக்கும் அது வேண்டும். பூசணி, அவரை, மொச்சை, கத்திரி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி. கூட்டிக் கொதிக்கவைத்து, மறுநாள் மிச்சத்தைச் சுண்டவைத்து. பொங்கல் குழம்பைவிடச் சுண்டிய குழம்புக்குத்தான் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. இந்தக் குழம்பில் தக்காளி உண்டு. மாரியம்மன் வேண்டாம் என்று சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

கோடையில் ஏரி வற்றும். மீன் பிடிக்க விடுவார்கள். விரால், கெளுத்தி, குரவை, கெண்டை. அன்றைக்கு "என்னா கொழம்பு" என்று கேட்பவர் இல்லை. ஊர் முழுக்க ஒரே வாசனை. மாங்காய் போட்டது.

அதிகம் கிடைப்பது ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எண்பது வயது ஆயா ஒருவர் அதைக் குழம்புக்குச் சேர்க்க மாட்டார். வறுக்க மட்டும். "அது நேத்து வந்ததுப்பா." தக்காளியைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

பிகேஎம்-1 என்ற தக்காளி. 1978ல் பெரியகுளத்திலிருந்து வந்தது. அண்ணஞ்சி என்ற ஊர் ரகத்திலிருந்து எடுத்தது. தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சை. நாட்டுத் தக்காளி என்று இங்கே கேட்டு வாங்குவது இந்த மாதிரிப் பழத்தைத்தான். புளிப்பு இருக்கும், நசுங்கும். நீளமாக, கெட்டியாக இருப்பதைப் பெங்களூர்த் தக்காளி என்கிறார்கள். குழம்புக்கு ஆகாது, சாலடுக்கு என்கிறார்கள்.

நேப்பிள்ஸ் அருகே சான் மர்சானோ என்ற ஊர்த் தக்காளி. நீளம், கெட்டி, விதை குறைவு. சாஸுக்கு அதுதான் என்கிறார்கள். 1996 முதல் ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர்.

2023 ஜூலை. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. பழையசீவரத்தில் புளியைக் கூட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மாங்காய் வற்றல். "எங்க மாமியா காலத்துல தக்காளி ஏது?" என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். பிறகு விலை இறங்கியது. அந்தப் பேச்சும் நின்றது.

இத்தாலியில் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்று ஒருவர். துணி வியாபாரி. இத்தாலி ஒரே நாடானது 1861ல். முப்பது வருடம் கழித்து, 1891ல், ஊர் ஊராகச் சமையல் குறிப்பு சேர்த்துச் சொந்தச் செலவில் புத்தகம் போட்டார். பதிப்பாளர்கள் மறுத்திருந்தார்கள். பிறகு பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது, வீட்டுப் பெண்கள் கடிதத்தில் அனுப்பிய குறிப்புகளால். அதில் தக்காளி சாஸுக்கு முன்னால் ஒரு கதை சொல்கிறார். எல்லார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் ஒரு பாதிரியாருக்கு ஊரார் வைத்த பேர் தக்காளிச் சாமியார்.

தக்காளி சூகோ வேறு, தக்காளி சல்சா வேறு என்றும் எழுதியிருக்கிறார். குழப்பிக்கொள்ளக் கூடாதாம்.

நம்மிடம் 1951ல் மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார். எத்தனையோ பெண்கள் வெளிநாடு போகும்போது பெட்டியில் வைத்த புத்தகம். அளவும் பக்குவமும் அதைப்போல் எழுதியவர் குறைவு. அது ஒரு வகை வீட்டுச் சமையல். கருவாட்டுக் குழம்புக்கும் கூட்டி வைக்கிற குழம்புக்கும் அப்படி ஒருவர் அந்தக் காலத்திலேயே எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

காட்ஃபாதர் படத்தில் (1972) கிளமென்சா என்ற மாஃபியாக்காரன் இருபது பேருக்குச் சமைக்கக் கற்றுத்தரும் இடம். எண்ணெய், பூண்டு, தக்காளி, தக்காளி விழுது, இறைச்சி உருண்டை, ஒயின். கடைசியில் கொஞ்சம் சர்க்கரை. அதுதான் தன் ரகசியம் என்கிறான்.

மேலத் தெருவில் ஒரு பெரியம்மா. சட்டியை இறக்கும் முன் சுண்டைக்காய் அளவு வெல்லம். மருமகள் பார்க்காதபோது போடுவார்.

மருமகளுக்குத் தெரியும்.

செங்கல்பட்டு சாலையில் ஓட்டல் பலகைகள். சிக்கன் கிரேவி. முட்டை கிரேவி. காளான் கிரேவி. மீன் கிரேவி கூட. கல்யாணச் சமையல்காரரின் பட்டியலிலும் கிரேவி. பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டில் கேட்கிறது: "கிரேவி இருக்கா?"

இது எனக்குப் பிடிக்கவில்லை. தொக்கு, கடையல், குருமா, கூட்டு, திறக்கல், வறுவல், பிரட்டல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுகின்றன. தண்ணீர் எவ்வளவு, தேங்காய் உண்டா, எதற்குத் தொட்டுக்கொள்வது என்று பேரே சொன்னது. கிரேவி எதுவும் சொல்வதில்லை.

ஆனால் பிலடெல்பியாவில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருத்திக்கு அந்தச் சொல்தான் தாய்வீடு.

குழம்பு வைக்கிறோம். சோறு வடிக்கிறோம் அல்லது ஆக்குகிறோம். ரசமும் வைக்கிறோம். பொரியல் செய்கிறோம். கிரேவி? "பண்றது" என்கிறார்கள்.

மண்சட்டியில் வைத்தால் ருசி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அலுமினியம். மண்சட்டி மீனுக்கு மட்டும், தனியாகக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அதில் வேறு எதுவும் வைப்பதில்லை.

குழம்புத் தூள் டப்பா. பெரும்பாலும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அல்லது எவர்சில்வர் தூக்கு. மகள் புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பொட்டலம் போகிறது. துபாய்க்கும் போகிறது. சூட்கேசில் துணிகளுக்கு நடுவில், மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி.

அங்கே அந்தப் பெண் அதை "எங்க ஊர்த் தூள்" என்கிறாள். ஊரில் அதற்கு அந்தப் பேர் இல்லை.

உங்கள் வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். தினம் வைக்கிற அந்தச் சிவப்புக் குழம்புக்கு அவர் பிறந்த வீட்டில் என்ன பேர், வந்த வீட்டில் என்ன பேர். மல்லி எத்தனை பங்கு, மிளகாய் எத்தனை பங்கு. வதக்குவதா, கூட்டி வைப்பதா. ஒரு தாளில் எழுதி, கீழே அவர் பெயரையும் பிறந்த ஊரையும் தேதியையும் போட்டு வையுங்கள்.